மலையை அறிந்தவர்களைக் கேட்டுத் திட்டம் போடுங்கள்

சம்பளம் பற்றி நாம் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே சொல்தான் வருகிறது: உற்பத்தித்திறன். "உற்பத்தித்திறனைக் கூட்டுங்கள், சம்பளத்தைக் கூட்டலாம்" என்கிறார்கள். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோதும் இதைத்தான் சொன்னார்கள். 2024 இல் 1350 ரூபா ஆனபோதும் இதையே சொன்னார்கள். இனி எவ்வளவு கேட்டாலும் இந்தப் பதில்தான் நமக்காகக் காத்திருக்கிறது.

இந்தச் சொல்லைக் கண்டு நாம் ஒதுங்கத் தேவையில்லை. தோட்டம் செழித்தால் நமக்கும் நல்லது. தோட்டம் காடானால் முதலில் வெளியேறப் போவது நம் பிள்ளைகள்தான். ஏற்கனவே கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை தேடிப் போய்விட்டார்கள். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது பெரட்டுக்களத்தில் நின்ற கூட்டத்தையும் இன்று நிற்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் யாரும் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே தோட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்பதில் துரைமாரை விட நமக்கே அக்கறை அதிகம். அவர்களுக்கு இடமாற்றம் உண்டு. நமக்கு இல்லை.

நமது கேள்வி வேறு. உற்பத்தித்திறன் என்றால் என்ன? அது யார் கையில் இருக்கிறது? அதைக் கூட்டும் திட்டத்தை யார் போடுகிறார்கள்? அந்தத் திட்டம் போடும் இடத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா?

கூடைக்கு முன்னால் நடப்பவை

தோட்டத்தில் உற்பத்தித்திறன் என்றால் பலருக்கும் கிலோதான். ஒரு ஆள், ஒரு நாள், எத்தனை கிலோ. பெரட்டில் பேசப்படுவதும் அதுதான், நிறுவையில் பார்க்கப்படுவதும் அதுதான். கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஏன் வரவில்லை என்று கேட்பார் இல்லை.

ஒரு கிலோ கொழுந்து கூடைக்குள் விழுவதற்கு முன்னால் எத்தனை காரியம் நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். செடிக்கு உரிய காலத்தில் கவ்வாத்து நடந்திருக்க வேண்டும். உரம் மழையோடு ஒத்துப் போட்டிருக்க வேண்டும். புல் வெட்டியிருக்க வேண்டும். கான் வெட்டி மண் அரிப்பைத் தடுத்திருக்க வேண்டும். செத்துப்போன செடியின் இடத்தில் புதுச் செடி வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துச் செடியே இன்னும் நிற்கும் மலைகளில், மறுநடுகை எப்போது என்று யாராவது முடிவு செய்திருக்க வேண்டும். பறிக்கப் போகும் வழி, ஆள் நடக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் கொழுந்து பறிப்பவர் கையில் இல்லை. எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆனால் கடைசியில் கணக்குக் கேட்கப்படுவது பறிக்கும் கையிடம்தான்.

சுற்று விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மலையில் கொழுந்து எடுத்துவிட்டு அதே மலைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் அரும்பும் இரண்டு இலையுமாகக் கொழுந்து தயாராக நிற்கும். கை வேகமாக ஓடும். ஆள் போதாமல், அல்லது ஆட்களை வேறு வேலைக்குப் பிரித்துவிட்டு, பத்து, பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினால் இலை முற்றிப் போகும். முற்றல் இலையைக் கழித்து நல்ல கொழுந்தைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கு நேரம் போகும். தேடாமல் எல்லாவற்றையும் பறித்தால் "கொழுந்து மோசம்" என்று நிறுவையில் ஏச்சு. தேடிப் பறித்தால் "கிலோ குறைவு" என்று ஏச்சு. இரண்டு ஏச்சுக்கும் காரணம் சுற்றுத் தவறியது. சுற்றைத் திட்டமிடுவது பறிப்பவர் வேலையா?

இன்னொரு கணக்கும் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதாவது நாம் பறிக்கும் 18 கிலோ, ஆலையில் வாடி, அரைபட்டு, காய்ந்து, சலித்து, 4 கிலோ தேயிலையாக வெளியே வருகிறது. அந்த 4 கிலோ நல்ல விலைக்குப் போகிறதா, மலிவாகப் போகிறதா என்பது மலையில் பறித்த கையில் தொடங்கி, சாக்கில் எவ்வளவு அமுக்கினார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது, லொறி எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை போகிறது. அமுக்கிக் கட்டிய சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்து போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? காலையில் குனிந்து குனிந்து பறித்த கொழுந்து மாலையில் பாதி பாழாகி ஆலைக்குப் போகிறது. இந்த நட்டம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

ஒரு மணி நேரத்தின் விலை

வீணாகும் நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தொழிலாளி நேரத்தை வீணாக்குகிறார் என்று அடிக்கடி சொல்லப்படுவதால் இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு பிரிவில் 40 பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் தராசு வரும் வரை, கணக்கப்பிள்ளை எழுதி முடிக்கும் வரை, 20 நிமிடம் கூடையோடு காத்து நிற்கிறார்கள். மூன்று தடவைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். 40 பேருக்கு 40 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால், இது ஐந்து பேரின் முழுநாள் வேலை. மாதத்தில் 25 நாள் வேலை நடந்தால் 125 ஆள்நாள். ஒரு ஆள் நாளுக்கு 18 கிலோ எடுப்பார் என்று பார்த்தால் 2250 கிலோ கொழுந்து. தேயிலையாக 500 கிலோ. ஒரே ஒரு பிரிவில், ஒரே மாதத்தில், நிறுவை வரிசையில் நின்று போகும் அளவு இது.

இதைச் சரிசெய்ய வெளிநாட்டு மெஷின் தேவையில்லை. இன்னொரு தராசும் இன்னொரு ஆளும் போதும். அல்லது நிறுக்கும் இடத்தை மலைக்குக் கிட்டக் கொண்டு வந்தால் போதும். எந்த இடத்தில் வைத்தால் எல்லோருக்கும் கிட்ட என்று அந்த மலையில் வேலை செய்யும் பெண்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கேட்பதுதான் நடப்பதில்லை.

நிறுவையோடு சேர்ந்தது கழிவு. மழை நாளில் தண்ணீருக்கு என்று ஒரு கழிவு, சாக்குக்கு என்று ஒரு கழிவு. எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒரு முறை இல்லாத இடத்தில், கழிப்பவரின் மனம்தான் அளவுகோல். உழைத்த கிலோ செக்ரோலில் முழுதாக விழும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யார் இன்னும் இரண்டு கிலோ கூடப் பறிக்க மெனக்கெடுவார்கள்? தராசு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பதும், கழிவு எழுத்தில் இருப்பதும் நியாயம். அதுவே உற்பத்தித்திறனுக்கும் முதல் படி.

எல்லா மலையும் ஒரு மலையா?

சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை நிர்ணயிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்தில்தான் முடிவாகிறது. அந்த முடிவைப் பல இடங்களில் நாம் பெரட்டில்தான் கேள்விப்படுகிறோம். நேற்று வரை இவ்வளவு, இன்றிலிருந்து இவ்வளவு. ஏன் என்ற கேள்விக்கு இடமில்லை.

மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எல்லா மலையும் ஒன்றல்ல, எல்லா மாதமும் ஒன்றல்ல. கவ்வாத்து முடிந்து நன்றாகத் தளிர்த்த மலை ஒன்று. அடுத்த கவ்வாத்துக்குக் காத்துக் கிடக்கும், செடி உயர்ந்து தோள் வலிக்கும் மலை இன்னொன்று. செடி நெருக்கமாக உள்ள இடம் ஒன்று. பாதிச் செடி செத்து மானாப்புல் ஏறிய இடம் இன்னொன்று. சித்திரை, வைகாசியில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். தை, மாசி வரட்சியில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் செடி சுணங்கி நிற்கும். ஊவாப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது கொழுந்து குறையும், ஆனால் அந்தத் தேயிலைக்குத்தான் வாசனையும் விலையும் அதிகம். கொழுந்து குறைந்த காலத்தில் கிடைக்கும் அந்த நல்ல விலையில் பறித்தவருக்கு என்ன பங்கு? கிலோவை மட்டும் பார்க்கும் கணக்கில் அந்த மாதம் அவர் திறமை குறைந்தவர் ஆகிவிடுகிறார்.

மேலே இருந்து போடப்படும் திட்டம் என்ன செய்யும் என்பதற்கு நாடே கண்ட உதாரணம் ஒன்று இருக்கிறது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. செடியை அறிந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையை விலக்க வேண்டி வந்தது. ஆனால் செடி அரசாங்கத்தின் வர்த்தமானியைப் படிப்பதில்லை. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத செடியில் எந்தக் கை வேகமாக ஓடும்? தொழிலாளியின் சோம்பலால் வந்த குறைவு என்று அதை யாராவது சொல்ல முடியுமா?

பலகை வந்தது, கயிறு வரவில்லை

ஆலைகளுக்குப் போனால் இப்போது சுவரில் பலகைகள் தொங்குகின்றன. ஐந்து எஸ் என்று எழுதியிருக்கும். வேண்டாததை அகற்று, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வை, சுத்தமாக வை, ஒழுங்கைக் காப்பாற்று, பழக்கமாக்கு. ஜப்பானிலிருந்து வந்த முறை. நல்ல முறைதான். சுத்தமான ஆலையில் வேலை செய்ய யாருக்குத்தான் விருப்பமில்லை?

அதே ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் இன்னொரு முறையும் இருந்தது. வேலை வரிசையின் மேலே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கார் பூட்டும் எந்தத் தொழிலாளியும், தன் கண்ணில் ஒரு பிழை பட்டால், அந்தக் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் வந்து பார்க்க வேண்டும். பிழையைத் தீர்க்க முடியாவிட்டால் அந்த வரிசையே நிற்கும். கடைநிலைத் தொழிலாளிக்குத் தொழிற்சாலையை நிறுத்தும் அதிகாரம். இதனால் தொழிற்சாலை நட்டப்படவில்லை. உலகத்தில் முன்னணிக்கு வந்தது. ஏனென்றால் பிழையை முதலில் காண்பவர் அந்த வேலையைச் செய்பவர்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நம்மிடம் பலகை மட்டும் வந்தது. கயிறு வரவில்லை.

அந்தக் கயிறு நமக்கு எங்கே தேவை? குளவிக் கூட்டின் அடியில் தேவை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் செய்தி வராத மாதம் மலையகத்தில் இல்லை. சிலர் உயிரோடு திரும்பவில்லை. பெரும்பாலும் அந்தக் கூடு திடீரென்று முளைத்ததல்ல. முதல் நாளோ முதல் வாரமோ யாராவது கண்டிருப்பார்கள். கண்டவர் சொன்னாரா, சொன்னால் கேட்டார்களா, கேட்டால் அந்த மலையை அன்று விட்டுவிட்டு வேறு மலைக்குப் போக விட்டார்களா என்பதுதான் கேள்வி. "அங்கே கூடு இருக்கிறது, இன்று அந்த நிரைக்குப் போக மாட்டோம்" என்று ஒரு பெண் சொன்னால், அவருடைய பேர் வெட்டப்படாது என்ற உறுதி வேண்டும். அதுதான் நமது கயிறு.

காடாய்க் கிடக்கும் மலைக்கும் அதே கயிறு. இடுப்பளவு புல்லுக்குள் பாம்பா, சிறுத்தையா, பள்ளமா என்று தெரியாமல் கால் வைப்பவர் எப்படி வேகமாகப் பறிப்பார்? பயத்தோடு நிற்கும் காலுக்கு மேலே வேகமான கை இருக்காது. பாதுகாப்பும் உற்பத்தியும் இரண்டு விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த நிரையில் நின்று பார்க்கட்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு திட்டக் குழு வேண்டும் என்று கேட்கிறோம். பெரிய மாநாடு வேண்டாம். மாதம் ஒரு முறை, வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, ஒரு மணி நேரம். நிர்வாகத்தின் பக்கத்தில் உதவி முகாமையாளரும் வெளிக்கள உத்தியோகத்தரும் இருக்கட்டும். ஆலையிலிருந்து ஒருவர் வரட்டும். தொழிலாளர் பக்கத்தில் அந்தப் பிரிவில் உள்ள எல்லாச் சங்கங்களின் பிரதிநிதிகளும், கவ்வாத்து, மருந்தடிப்பு வேலை செய்வோரில் ஒருவரும், கொழுந்து எடுக்கும் பெண்களில் பாதிக்குக் குறையாதவர்களும் இருக்க வேண்டும்.

அந்தக் குழு பேச வேண்டியவை ஐந்து.

முதலாவது, வரும் மாதத்துக்கான சுற்று. எந்த நம்பர் மலை எந்த நாளில், எத்தனை ஆள், ஆள் குறைந்தால் எந்த வேலையைத் தள்ளிப்போடுவது என்று எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, கிலோ. தோட்டம் முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் என்றிருப்பதை விட்டு, மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம், செடியின் நிலையைப் பார்த்து இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். செழித்த மலையில் கூடக் கேட்கலாம். வரண்ட மலையில் குறைத்துத்தான் கேட்க வேண்டும். முடிவு மாறினால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, நிறுவையும் போக்குவரத்தும். தராசு எங்கே, எத்தனை மணிக்கு, கழிவு எவ்வளவு, லொறி எப்போது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. குளவிக்கூடு, சரிந்த பாதை, முறிந்து விழும் நிலையில் உள்ள மரம், மருந்தடித்த மலைக்கு எப்போது திரும்பப் போகலாம் என்பவை ஒரு புத்தகத்தில் பதியப்பட வேண்டும். பதிந்த குறை தீர்க்கப்பட்டதா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்க வேண்டும். மலையில் பெண்களுக்கு மலசலகூட வசதியும் குடிதண்ணீரும் இதற்குள் அடங்கும்.

ஐந்தாவது, கருவிகளும் பயிற்சியும். கத்தரியோ மெஷினோ கொண்டு வருவதென்றால் எந்த மலைக்கு அது பொருந்தும், செடிக்குக் கெடுதி வருமா, அதைச் சுமப்பவரின் முதுகுக்கு என்ன ஆகும், மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு என்று முதலில் பேச வேண்டும். மெஷின் வந்து இறங்கிய பிறகு பேசுவதில் பயனில்லை.

இதைக் கேட்க நமக்குச் சட்டத்திலும் கால் ஊன்ற இடம் இருக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தலத்தில் தொழிலாளர்களில் 40 வீதத்துக்குக் குறையாதோரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறையாகும். பேச்சுவார்த்தை என்றால் சம்பளம் மட்டும்தான் என்று நாமே சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதும் பேச்சுவார்த்தைக்கு உரியதுதான்.

நம் பக்கத்து வேலை

குழுவில் இடம் கேட்பவர்கள் அந்த இடத்துக்கு ஏற்ற வேலையையும் செய்ய வேண்டும். இதைச் சங்கம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கூட்டு வேலை நமக்குப் புதிதல்ல. பக்கத்து நிரையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதல்ல. புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்கு மட்டம் பார்த்துப் பறிக்கச் சொல்லிக் கொடுத்தது அத்தைமார்தான், சின்னம்மாமார்தான். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாமல் வளர்க்க வேண்டும். நல்ல கொழுந்து எடுப்பது நமது பெருமையாக இருக்க வேண்டும். தடியும் முற்றலுமாக நிரப்பிய கூடை அன்றைக்குக் கிலோ காட்டும். மாதக் கடைசியில் தேயிலையின் விலையை இறக்கும். அந்தப் பழி திரும்பவும் நம் தலையில்தான் விழும்.

சங்கம் வேறு என்பதற்காக ஒரே பிரிவில் மூன்று குரலில் பேசுவது யாருக்கு இலாபம்? கொடி எந்த நிறமானாலும் குளவிக்கு அது தெரியாது. அரைப்பேர் போடும் பேனாவும் அங்கத்துவ அட்டையைப் பார்த்து எழுதுவதில்லை. திட்டக் குழுவுக்குப் போகும் முன்னால் எல்லாச் சங்கத் தலைவர்மாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பட்டியலோடு போக வேண்டும்.

பெண்களை முன்னால் உட்கார வைப்பதும் நமது பொறுப்பு. கொழுந்து எடுப்பதில் பெரும்பங்கு அவர்களுடையது. ஆனாலும் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 இல்தான் கிடைத்தது. அதுவும் போராடித்தான். சம்பளம் சமமாகி இவ்வளவு காலமாகியும் பேசும் இடம் இன்னும் சமமாகவில்லை. விடியுமுன் எழும்பி, சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடி வரும் ஒரு பெண்ணுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவரை விடச் சிறந்த திட்டக்காரர் தோட்டத்தில் இல்லை. கூட்டம் நடக்கும் நேரம் அவருக்கு வசதியான நேரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஆண்கள் அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அவர்கள் சொல்லும் பதிலும் நமது பதிலும்

திட்டம் போடுவது நிர்வாகத்தின் வேலை, பறிப்பது தொழிலாளியின் வேலை என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அவர்களையே ஒன்று கேட்போம். இப்போது பல தோட்டங்களில் மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் முறையைக் கொண்டு வருகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன? குடும்பம் தன் துண்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, நேரத்துக்குப் புல் வெட்டுகிறது, சுற்றுத் தவறாமல் பறிக்கிறது, அதனால் விளைச்சல் கூடுகிறது என்கிறார்கள்.

அதாவது, எப்போது என்ன செய்வது என்று தொழிலாளியே முடிவு செய்தால் விளைச்சல் கூடும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு ஏன் அந்த உரிமையை, மழை பொய்த்தால் வரும் நட்டத்தையும் விலை விழுந்தால் வரும் நட்டத்தையும் நம் தலையில் ஏற்றும்போது மட்டும் தருகிறார்கள்? நாட்சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பிரசவ விடுமுறை எல்லாவற்றோடும் வேலை செய்யும் தொழிலாளிக்கு அதே உரிமையை ஏன் தரக்கூடாது? துண்டு நிலத்தில் மூளையோடு இருப்பவர் பெரட்டுக்களத்துக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டா வருகிறார்?

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் போனால் கொழுந்து நட்டம் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். நிறுவை வரிசையில் ஒரு பிரிவில் ஒரே மாதத்தில் 125 ஆள்நாள் போகக்கூடிய கணக்கை மேலே பார்த்தோம். பத்துப் பேர் மாதத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதில் பாதியை மிச்சப்படுத்தினால் யாருக்கு நட்டம்?

மிச்சமாவதில் நமக்குப் பங்கு வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். நமது யோசனையால் கொழுந்து கூடி, தேயிலைக்கு விலை கூடி, அந்தப் பணம் முழுவதும் ஒரே பக்கம் போகுமானால் அடுத்த மாதம் யோசனை சொல்ல யாரும் வரமாட்டார்கள். கூடும் வருமானம் எப்படிப் பிரிக்கப்படும் என்று முதல் கூட்டத்திலேயே எழுத வேண்டும்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் மாதர் அணியிடமும் ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரிவில் கூடுங்கள். உங்கள் மலைகளின் நம்பரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியாகக் கவ்வாத்து எப்போது, உரம் எப்போது, சுற்று எத்தனை நாள், நிறுவைக்கு எவ்வளவு தூரம், குளவிக்கூடு எங்கே என்று குறியுங்கள். எழுதத் தெரிந்த பாடசாலைப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒன்றை நிர்வாகத்திடம் கொடுத்துக் கூட்டத்துக்கு நாள் கேளுங்கள். இன்னொன்றைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் உற்பத்தித்திறன் என்ற சொல் அடுத்த முறை வரும்போது, மேசையின் நம் பக்கத்தில் அந்தத் தாள்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.